வடிகட்டிய தண்ணீர்

ஆய்வகத்தில் அவளுக்கு ஆசிட் அக்கா என்று பெயர். நாள் முழுக்க அமிலம் கையாள்வதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டோர் கீப்பர், காலாவதியான ரசாயனப் பெட்டி ஒன்றை அவள் தலையில் கட்டப் பார்த்தார். அவள் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போட்ட சத்தம் வாசல் காவலாளிவரை கேட்டது. அன்று மதியம் அந்த மனிதர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "காதுல ஆசிட்டை ஊத்தின மாதிரி இருந்துச்சுப்பா" என்று யாரிடமோ சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் கோபத்தில் எப்போதும் நியாயம் இருக்கும். அதுதான் சிக்கல். அநியாயமாகக் கோபப்படுகிறவனை நாலு பேர் தட்டிக் கேட்பார்கள். அவனும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அடங்குவான். நியாயமாகவே கோபப்பட்டுப் பழகியவளுக்கு, கோபம் வந்தாலே தன் பக்கம்தான் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அக்காவுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. வீட்டில் கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. கேட்காத காது எந்தப் பக்கம் என்பதைக் கல்யாணமான புதிதில் அவர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்றும், அதனால்தான் இத்தனை வருஷம் குடும்பம் ஓடுகிறது என்றும் தம்பி கேலி செய்வான்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன். அம்மா போனபோது அவன் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவனைக் குளிப்பாட்டி, பாடம் சொல்லி, பொய் சொன்னால் தொடையில் கிள்ளி, ஜுரம் வந்தால் மடியில் போட்டு வளர்த்தவள் அக்காதான். படிப்பு அவனுக்குச் சுமாராக வந்தது. இயந்திரம் நன்றாக வந்தது. எண்ணெய் வயலில் ஆப்பரேட்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது, அவள்தான் மேலாளர் அறைக்கு நடையாக நடந்து அவனை உள்ளே கொண்டுவந்தாள். "என் மானத்தை வாங்கிடாதே" என்பதுதான் வேலையில் சேர்ந்த அன்று அவள் சொன்ன வாழ்த்து.

எண்ணெய்க் கிணறு என்றுதான் பெயர். மேலே வருவதில் முக்கால்வாசி தண்ணீர்தான். பூமிக்கடியில் யுகக்கணக்காகப் பாறையோடு பாறையாக வெந்து கிடந்த தண்ணீர், கடல்நீரைவிடக் கரிக்கும். கால்சியம், பேரியம் என்று பாறையில் இருந்த உலோகமெல்லாம் அதில் கரைந்திருக்கும். எண்ணெயை மேலே தள்ளுவதற்காக நாம் கீழே அனுப்புகிற தண்ணீரில் சல்பேட் இருக்கும். இரண்டும் குழாயில் சந்தித்தால் பேரியமும் சல்பேட்டும் கைகோத்துக்கொண்டு வெள்ளைக் கல்லாகப் படிந்துவிடும். கெட்டிலின் அடியில் படிகிற வெள்ளையையாவது வினிகர் ஊற்றிக் கரைத்துவிடலாம். இது எந்த அமிலத்துக்கும் மசியாது. கையகலக் குழாய் விரலகலம் ஆகும். வால்வு மூடாது. பிறகு உளியும் சுத்தியலும்தான்.

அந்தக் கல் வளராமல் இருக்க ஒரு மருந்து உண்டு. வயலில் எல்லோரும் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். ஒரு டேங்கிலிருந்து சின்ன பம்ப் ஒன்று சொட்டுச் சொட்டாக அதைக் குழாய்க்குள் செலுத்திக்கொண்டே இருக்கும். துளிதான். ஆனால் கல் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக இருக்கும்போதே மருந்து அதன் மேல் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளரவிடாமல் பிடித்துவிடும். எந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு எந்த மருந்து கேட்கும் என்று சோதித்துச் சொல்வது அக்காவின் வேலை. கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, மருந்து விட்டு, சல்பேட் தண்ணீரோடு கலந்து, கொதிநீர்த் தொட்டியில் பாட்டில்களை வரிசையாக வைத்துவிடுவாள். மறுநாள் பாட்டில் பளிங்கு மாதிரி இருந்தால் மருந்து தேறியது. பால் மாதிரி ஆனால் தேறவில்லை. தம்பி பார்த்துக்கொண்ட கிணற்றுக்கு அவள் தேர்ந்தெடுத்த மருந்தில் பாட்டில் பளிங்காகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை அந்தக் கிணற்றில் தண்ணீர் வரத்து குறைந்தது. அடைப்பு எங்கே என்று பார்க்கத் தம்பி போனான். முறைப்படி லைனை அடைத்தான், அழுத்தத்தை வெளியேற்றினான், அளவுமானியைப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் நின்றது. குழாய் இணைப்பின் போல்ட்டைத் தளர்த்தினான். அளவுமானிக்குப் போகிற ஊசித்துளை வெள்ளைக் கல்லால் அடைபட்டிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? அழுத்தம் வெளியேறுகிற வழியும் அடைபட்டிருந்ததால் உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது. கொதிக்கிற உப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்து வலது கையை முழங்கைவரை வேகவைத்துவிட்டது. கூட இருந்தவன் பிடித்து இழுத்திராவிட்டால் முகமும் போயிருக்கும்.

குழாயை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று, மரத்தை வெட்டினால் தெரிகிற வளையங்கள் மாதிரி, அடுக்கடுக்காகக் கல்.

மேலாளர் அந்தத் துண்டை அக்காவின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "மருந்து ஒழுங்கா போயிருந்தா இவ்வளவு படிஞ்சிருக்குமாம்மா?"

"படியாது சார்."

"மருந்துல குறை இருக்க வாய்ப்பு?"

"நானே டெஸ்ட் பண்ணினது. குறை இல்லை."

"அப்ப பம்ப் ஓடலை. பார்க்க வேண்டிய ஆள் பார்க்கலை. வேற என்ன?"

பதில் இல்லாத இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே போனாள். நடையாக நடந்து வாங்கிக்கொடுத்த வேலை, சொட்டுப் போடுகிறதா என்று பார்க்கக்கூடவா கண்ணில்லை, நாளைக்கு ஆய்வகத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்.

தீக்காய வார்டில் நீளமான ஜன்னல்கள். மருந்து நெடி. தம்பியின் கையை வெள்ளைத் துணியால் சுற்றித் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் மனைவி ஸ்பூனால் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் லேசானது.

"வந்துட்டியாக்கா" என்றான்.

"பம்ப்பை எத்தனை நாளா பார்க்கலை நீ?"

அவனுக்குப் புரியவில்லை. "எந்தப் பம்ப்?"

"நடிக்காதே. மருந்து பம்ப். குழாய் பூரா கல்லு. நீ மருந்து போடாம விட்டதால வந்த வினை இது."

"அக்கா, தினமும் பார்த்தேன். ஓடிட்டுதான் இருந்துச்சு. சத்தியமா."

"சத்தியம் பண்ணாதே. பாட்டில் பொய் சொல்லாது. வேலையில தூங்கினா கை வேகத்தான் செய்யும்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டான். அவன் மனைவி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அதுவரை நாத்தனார் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவள். எழுந்து நின்று சொன்னாள்.

"அண்ணி, நீங்க கிளம்புங்க."

"நான் அவன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"பேசினது போதும். கிளம்புங்க."

விசாரணையில் அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மருந்து தேறியது என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. கடமை தவறிய ஆப்பரேட்டர் என்று முடிவாகி, தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவன் வீட்டுக் கதவு அவளுக்கு அடைபட்டது. "அவன் செஞ்சதுக்கு நான் என்ன பண்ண?" என்று வீட்டில் குதித்தாள். கணவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "தினமும் பார்த்தேன்னு அவன் சொன்னானே?" கேட்கிற காதா கேட்காத காதா என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் நின்று கத்தினாள். அவர் தூரிகையைக் கழுவி முடித்தார்.

குழாயைப் புதிதாக மாற்றினார்கள். தம்பி இடத்துக்கு மீசைக்காரர் என்று கூப்பிடப்படும் மூத்த ஆப்பரேட்டர் வந்தார். மேலாளர் உத்தரவுப்படி பம்ப்புக்குப் பூட்டு, டேங்குக்கு சீல், ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாற்றிக் கண்காணிப்பு. யாரும் தூங்க வழியில்லை. மாதம்கூடச் சரியாக ஆகவில்லை. மீசைக்காரர் போன் செய்தார். "மேடம், புதுக் குழாயிலயும் வெள்ளை பூத்திருக்கு."

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒருவன் கை வெந்த பிறகும் இவர்களுக்குப் புத்தி வரவில்லையா? ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மீசைக்காரரை நிற்கவைத்துத் தோலை உரித்துவிடுவது என்றுதான் போனாள்.

"திறங்க டேங்கை."

திறந்தார். மருந்து இருக்க வேண்டிய மட்டத்தில் இருந்தது. சொட்டை அளந்தாள்; சரியாக விழுந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, அங்கேயே மேஜையில் வைத்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். வேண்டியதற்குக் கூடுதலாகவே இருந்தது. மருந்து இருக்கிறது. கல்லும் வளர்கிறது. மீசைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார். அவள் சொட்டை இன்னொரு தரம் அளந்தாள்; அதே அளவு. வெயிலில் காது மட்டும் சூடேறிக்கொண்டே போனது.

ஆய்வகத்துக்கு எடுத்துப்போக இரண்டு கண்ணாடி பாட்டில் நிரப்பினாள். முதல் பாட்டில் கழுத்துவரை நிரம்பியது. இரண்டாவது பாதி நிரம்பும்போது குழாய் துப்பியது, கையில் சுட்டது. "சனியன்" என்று பாதியோடு மூடி ஜீப்பில் போட்டாள். தம்பியின் கையைத் தொட்ட தண்ணீர் இதுதான் என்ற நினைப்பு அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு உறைத்தது.

ஆய்வக வாசலில் இறங்கி பாட்டில்களை எடுத்தாள். நிரம்பிய பாட்டில் பிடித்தபோது இருந்த மாதிரியே தெளிவாக இருந்தது. பாதி பாட்டில் செம்மண் கரைத்ததுபோல் பழுப்பேறியிருந்தது.

ஒரே குழாய், ஒரே தண்ணீர். ஒன்றில் காற்று இருந்தது, மற்றதில் இல்லை. அவ்வளவுதான்.

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். கரைந்த இரும்பு. காற்றுப் படாதவரை இரும்பு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துகிடக்கும். காற்றுப் பட்டால் துருவாகி அடியில் இறங்கிவிடும். வயலிலிருந்து கேனில் வருகிற தண்ணீர் எப்போதும் பழுப்பாகத்தான் வரும். கேனின் துரு என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். செய்முறைத் தாளிலேயே முதல் வரி: தண்ணீரை வடிகட்டவும். வடிகட்டினாள். இத்தனை வருஷமும் இரும்பைத் துருவாக்கி, வடிதாளில் பிடித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, இரும்பே இல்லாத தண்ணீரில் மருந்தைச் சோதித்துத் தேறியது என்று சொல்லியிருக்கிறாள்.

கால்சியம் மருந்தை என்ன செய்யும் என்று அவளுக்கு மனப்பாடம். அளவோடு இருந்தால் மருந்து கல்லின் மேல் இறுகப் பிடிக்கக் கைகொடுக்கும். அளவு மிஞ்சினால் மருந்தையே இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்திருந்தாள். இரும்பைப் பற்றி யோசித்ததே இல்லை. அவள் பாட்டிலில்தான் இரும்பு இல்லையே.

மறுநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அதுதான் ஆய்வகத்தைப் பயமுறுத்தியது. நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை விரட்டிவிட்டு, மூடிய பாட்டில்களில் சோதனையைத் திரும்ப வைத்தாள். இரும்பு இல்லாத பாட்டில் பளிங்கு. கொஞ்சம் இரும்பு விட்டது மங்கல். கிணற்றில் இருக்கிற அளவு விட்டது பால். மருந்து உள்ளேதான் இருந்தது. ஆனால் கல்லைப் பிடிக்க வேண்டிய கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியாக ஒரு பாட்டிலில் இரும்போடு கொஞ்சம் எலுமிச்சை உப்பும் சேர்த்தாள், அந்த சிட்ரிக் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் மருந்து விடுபடுமா என்று பார்க்க. பாட்டில் தெளிந்தது.

மருந்து கம்பெனிக்காரரை வரச் சொன்னாள். எந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவதால் டைக்காரர் என்று பெயர். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் பாட்டில்களைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"எது மேடம்?"

"இரும்பு இருந்தா உங்க மருந்து படுத்துடும்னு தெரியுமா தெரியாதா?"

டையைச் சரிசெய்தார். "படுத்துடும்னு சொல்ல முடியாது. இரும்பு ஜாஸ்தியா இருந்தா திறன் கொஞ்சம் குறையும். அது எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே மேடம். உங்க டெஸ்ட்லதான் தேறிடுச்சே."

அவள் வாழ்க்கையில் எத்தனையோ கோபம் பட்டிருக்கிறாள். அந்தக் கணத்தில் வந்தது வேறு மாதிரி. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேக்கலை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "என் தம்பி கை வெந்து கிடக்கு. நாங்க கேக்கலை, அதனால நீங்க சொல்லலை. அப்படித்தானே?"

"தம்பியா? எனக்குத் தெரியாதே மேடம்..."

"தம்பியா இருந்தாத்தான் சொல்வீங்களா? வெளிய போங்க."

போய்விட்டார். பேனாவைக்கூட விட்டுவிட்டுப் போனார். அவள் அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். போட்ட பிறகு, அதே கூடையில் கசங்கிக்கிடந்த பழுப்பு வடிதாள்களைப் பார்த்தாள். டைக்காரரை விரட்டிவிட்டாள். தன்னை எங்கே விரட்டுவது?

மேலாளர் முழுக்கக் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. சிக்கலைப் பூசி மெழுகியே பதவிக்கு வந்தவர், அவ்வளவுதான்.

"நல்ல வேலைம்மா. மருந்தை மாத்திடலாம். இல்லைனா நீங்க சொல்ற எலுமிச்சை உப்பைச் சேர்த்துடலாம். இன்னைக்கே சொல்லிடறேன்."

"விசாரணை?"

"அது முடிஞ்சுபோன கதை. மேலிடத்துக்குப் போயாச்சு. இப்ப அதைக் கிளறினா என்ன கேப்பாங்க? டெஸ்ட் பண்ணினது யாருன்னு கேப்பாங்க. உங்க பேரு வரும். செய்முறையில கையெழுத்து யாருன்னு கேப்பாங்க. என் பேரு வரும். உங்க தம்பிக்கு வேற எங்கயாவது சத்தமில்லாம ஒரு வேலை நான் பார்த்துத் தரேன்."

"சத்தமில்லாம."

"ஆமாம்மா. யோசிச்சுப் பாருங்க."

"அவனைத் தூங்குமூஞ்சின்னு ஊரறியச் சொன்னப்ப சத்தமாத்தானே சார் சொன்னோம்?"

"கோபத்துல முடிவெடுக்காதீங்க."

"போன தடவை எடுத்தது கோபத்துல. இது அப்படி இல்லை."

ஆனால் அவர் அறையைவிட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் நின்று சுவரைக் கையால் ஓங்கி அறைந்தாள். கை வலித்தது. நடந்ததையெல்லாம் எழுதித் தலைமை அலுவலகத்துக்கே போட்டாள். கணவர் அஞ்சல் நிலையம்வரை கூடவே வந்தார்.

விசாரணையை மீண்டும் திறந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி நரைத்த தலை, கறாரான பேச்சு. நீள மேஜையில் மேலாளர், இன்னும் சில பேர். டைக்காரரும் வந்திருந்தார். தம்பி ஓரத்து நாற்காலியில், கையில் இறுக்கமான காய உறை போட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா பக்கம் திரும்பவில்லை.

அவள் பாட்டில்களை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்படினா ஆப்பரேட்டர் மருந்து செலுத்தலைங்கறதுக்கு ஆதாரம் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. அவர் செலுத்தினார். செலுத்தின மருந்து வேலை செய்யலை."

"உங்க முதல் சாட்சியத்துல மருந்து தேறினதா சொல்லியிருக்கீங்க."

"தேறின மருந்துதான். தண்ணிதான் தப்பு. கிணத்துல இருக்கற தண்ணி ஒண்ணு, நான் சோதிச்ச தண்ணி வேற."

"தப்பு யாரோடதுன்னு சொல்றீங்க?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சோதிச்சது நான். வடிகட்டச் சொன்ன முறைக்குக் கையெழுத்துப் போட்டது இவர். இரும்பு விஷயம் தெரிஞ்சும் வாயைத் திறக்காதது அவங்க கம்பெனி. அளவுமானியோட ஊசித்துளை அடைபடும்னு யோசிச்சு அதுக்கு ஒரு வழி பண்ணாதது நாம எல்லாரும். இத்தனை பேர் இருக்கோம். மாட்டினது கை வெந்தவர் மட்டும்தான்."

அதிகாரி தம்பியைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "அன்னைக்கு என்ன சொன்னேனோ அதான். தினமும் பார்த்தேன்" என்றான். அதோடு எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் பெயர் மேல் இருந்த குற்றம் நீங்கியது. வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். விரல்கள் முழுதாக மடங்காததால் கிணற்றுப் பக்கம் அனுப்பாமல் கட்டுப்பாட்டு அறையில் போட்டார்கள். மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று பேச்சு. டைக்காரரின் கம்பெனி வேறொரு டைக்காரரை அனுப்பியது. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதமும், வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனதும் சேர்ந்து கிடைத்தன. கடிதத்தைப் படித்துவிட்டுக் குதிப்பாள் என்று ஆய்வகமே ஒதுங்கி நின்றது. இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, பாட்டில் கழுவப் போனாள்.

முடிவு வந்த வாரத்திலேயே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அழுத்தி விரல் பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

"டேய்" என்று ஆரம்பித்தாள். "நான் அன்னைக்கு..."

"வேணாம்."

"சொல்ல விடு."

"வேணாம்னு சொன்னேன்." பந்தைச் சுவரில் வீசினான். சின்ன வயசிலிருந்து அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. வீட்டில் இருந்த கோபமெல்லாம் அவளுக்கே சரியாக இருந்தது. அவன் பங்குக்கு மிஞ்சவில்லை. இப்போது மொத்தமாக வந்தது. "என்னை வளர்த்தவ நீ. நான் பொய் சொன்னா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிப்ப. எத்தனை தடவை கண்டுபிடிச்சு கிள்ளியிருக்க. அன்னைக்கு என் மூஞ்சியைப் பார்த்தியா? பாட்டில் சொன்னதை நம்பின. நான் சொன்னதை நம்பலை."

"தப்புதான்டா."

"இப்பவும் பாட்டில் சொல்லித்தானே வந்திருக்க? பாட்டில் தெளிவாவே இருந்திருந்தா? சாகறவரைக்கும் நான் பொய்யன்தானே உனக்கு?"

இல்லைடா என்று பொய் சொல்லலாம்; அவனுக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு பந்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் யார்மேல் கோபப்படுவது என்று தேடினாள். யாரும் அகப்படவில்லை.

அதன் பிறகு அவள் ஆய்வகத்தில் சோதனைக்கான தண்ணீர் கேனில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிய பாட்டில் வேண்டும். இரும்பு எவ்வளவு என்று கிணற்றடியிலேயே அளந்திருக்க வேண்டும். மருந்து விற்க வருகிறவர்களிடம் முதல் கேள்வியே "எதெது இருந்தா உங்க மருந்து வேலை செய்யாது?" என்பதுதான். எல்லாத் தண்ணிக்கும் கேட்கும் என்று சொன்னவனை உட்காரவே விடவில்லை. அடுத்த கிணறுகளிலும் இரும்பு இதே வேலையைக் காட்டியிருந்தது தெரிந்தது. ஒவ்வொன்றாக மருந்தை மாற்றவைத்தாள். சத்தம் குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியது: கத்துவதற்கு முன்னால் எதிரில் நிற்பவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிலருக்கு அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு விடுமுறை நாள் மதியம் தம்பியும் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். கணவர் ஓடிப்போய் நாற்காலி போட்டார். தம்பி மனைவிதான் பேசினாள். கணவர் கேட்கிற காதைக் கொடுத்துப் பதில் சொன்னார். தம்பி சாப்பிட்டான். ஸ்பூனை இடது கையில் பிடித்திருந்தான். அக்கா பார்க்காத மாதிரி பார்த்தாள்.

கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்தான். புது மூடி; வலது கை வழுக்கியது. இன்னொரு தரம் முயன்றான். பிறகு பாட்டிலை அவள் பக்கம் நீட்டினான். அவள் திறந்து கொடுத்தாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகலை" என்றான், குடித்து முடித்துவிட்டு.

"போக வேணாம். நீ வந்துட்டுப் போ."

அவன் பாட்டிலைக் கீழே வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அடுத்த மாதமும் வந்தான். அன்று கட்டுப்பாட்டு அறை நாற்காலி சரியில்லை என்பதில் ஆரம்பித்து இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டார்கள்.